வைகாசியில் என் நிழல்

முகவரியில் இவ்வளவுதான்:
கொளஞ்சி, முந்திரித் தோப்பு,
பத்திரக்கோட்டை தாண்டி.
தாண்டி என்றால் எவ்வளவு தாண்டி?

போன் செத்து அரைமணி ஆகிறது.
வண்டியைத் தார்ச்சாலைப் புளியடியில் விட்டு
செம்மண்ணில் இறங்கியவன்
எல்லா மரமும் ஒரே மரமாகி நிற்க
பழம் நசுங்கிய வாடைக்கு நடுவே
கூரியர் பெட்டியும் கையுமாக நிற்கிறேன்.

சாலை வடக்கே. அது தெரியும்.
வடக்குதான் எங்கே என்று தெரியவில்லை.

எட்டாம் வகுப்பில் சாரணர் கையேடு ஒன்று இருந்தது.
"நண்பகல் நிழல் வடக்கைக் காட்டும்."
படம்கூட ஞாபகம்:
கம்பளித் தொப்பிப் பையன், பின்னால் பனிமலை.
குனிந்து பார்த்தேன்.
ஒன்றரைச் சாண் நிழல், கறுப்பாய், கச்சிதமாய்.
அது நீட்டிய பக்கம் நடந்தேன்.
நடந்தேன்.
சாலை வரவில்லை.
ஓட்டு வீடு ஒன்று வந்தது,
வாசலில் முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டு
கொளஞ்சி.

"பரவால்லியே, ரோட்டுலேர்ந்து நேரா தெக்கால வந்துட்ட.
எல்லாரும் ஏரியச் சுத்திக்கிட்டுதான் வருவாங்க."

தெக்காலயா?

சொம்புத் தண்ணீர் பாதியில் நிற்க
கணக்குப் போட்டேன்.
சித்திரையில் ஒருநாள் நம் உச்சந்தலையைக் கடந்து
சூரியன் வடக்கே போகிறது.
ஆவணியில்தான் திரும்பி வருகிறது.
நடுவில் நாலு மாதம்
இந்தப் பக்கத்து உச்சிநிழலெல்லாம்
தெற்கே விழுகிறது,
என்னுடையது, ஆட்டுடையது, மின்கம்பத்துடையது.
முப்பத்தொரு வைகாசி
காலடியிலேயே கிடந்திருக்கிறது.
கையேடு பொய்யில்லை,
அந்தப் பையனுக்கு.

கொளஞ்சிக்கு இதில் ஒன்றும் ஆச்சரியமில்லை.
பெட்டியைப் பல்லால் கிழித்தாள்.
சுவர்க் கடிகாரம்.
பத்து பத்தில் கைகளை விரித்து நின்றது,
கடையிலிருந்து வரும் எல்லாக் கடிகாரத்தையும் போல.
"பேட்டரி போடலியா இவனுங்க?
இப்ப மணி என்ன இருக்கும்?"
எந்த ஊர் மணி என்று கேட்க வாயெடுத்தேன்.
நம் கடிகாரம் ஓடுவது
மிர்சாபூர்ப் பக்கத்துச் சூரியனுக்கு.
அது பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிடம் கழித்துத்தான்
இங்கே உச்சி.
"ஒண்ணு ஆவுது" என்றேன்.
கையெழுத்துக்குப் பதில் ரேகை வைத்தாள்,
முந்திரிப்பால் பட்டுத் தேய்ந்த விரல்,
மூன்றாம் தடவைதான் பதிந்தது.

"ரோடு எந்தப் பக்கம்?"

கூரையைக் காட்டினாள்.
துருவேறிய டிஷ் தட்டு, தென்கிழக்கே அண்ணாந்து.
"அதுக்கு முதுகக் காட்டி நட.
சோத்தாங்கைப் பக்கமா கொஞ்சம் ஒதுங்கிக்க.
இம்மி நகந்தாலும் படம் வராதுன்னு
மாட்டினவன் சொல்லியிருக்கான்,
அதனால அது பொய் சொல்லாது."

மேலே எங்கோ, முப்பத்தாறாயிரம் கிலோமீட்டரில்,
இவள் இரவுச் சீரியலுக்காக
இடம் பெயராமல் ஒன்று தொங்குகிறது.

நடந்தேன்.
இருபது நிமிடத்தில் லாரிச் சத்தம்.
திரும்பிப் பார்த்தால்
நிழல் சற்றே நீண்டு
பின்னால் வந்துகொண்டிருந்தது,
கடல் பக்கமாய்ச் சாய்ந்து,
தட்டு பார்க்கும் அதே திசையில்.