மூன்றரை பவுண்டு

தொப்பூர் ஏற்றத்தில் மூன்றாம் முறை நின்றது.
அதே கட்டமேடு, அதே வளைவு.
லாரிக்காரன் வேறு, வசவு மட்டும் அதே.
பானட்டைத் திறந்தேன்.
இரண்டு கார்புரேட்டரும் உதடு காய்ந்து கிடந்தன.

பொதுப்பணித்துறை ஏலத்தில் எடுத்த அம்பாசிடர்.
பழைய இன்ஜினை எடைக்குப் போட்டு
இசுசு ஒன்றை இறக்கி
கேம் மாற்றி, ஹெட்டை இழைத்து
ஆறு மாத நைட் டூட்டிப் படியையும்
முழுசாய் ஒரு சீட்டையும் தின்றுவிட்டு
தருமபுரிக்குள் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.
"இன்ஜின் இப்ப சிங்கம், சிஸ்டர்" என்றார் அல்லாபகஷ்.
வைத்திருந்ததோ பூனைக் கிண்ணம்.

பென்னாகரம் சாலைப் பட்டறையில்
இருவரும் அடியில் படுத்துப் பார்த்தோம்.
சுண்டுவிரல்கூட இல்லாத ஆறு மில்லிக் குழாய்.
கேம் உதைக்க உதைக்க நடக்கிற பம்ப்,
அதன் டயாஃப்ரம் எத்தனால் குடித்து உப்பியிருந்தது.
ஹோஸைக் கிள்ளினேன், நகத்தில் கரி.
"இது பெட்ரோலா? பாதி கரும்புச்சாறு"
என்று அவர் யாரையோ திட்டினார், டெல்லிப் பக்கம் பார்த்து.

எல்லாம் மாற்றினோம்.
டேங்குக்குப் பக்கத்தில் கரண்டு பம்ப்,
எட்டு மில்லி லைன்,
மிஞ்சியது திரும்பிப் போக இன்னொரு லைன்.
அதற்கு டேங்கில் துளை போட்டுப் பற்றவைக்க
திம்மராயன் மூன்று நாள் மாட்டேன் என்றார்.
நிறைந்த டேங்க் எரியும், காலி டேங்க்தான் வெடிக்கும்.
நான்காம் நாள், வாய்வரை தண்ணீர் கட்டி வடித்து
மனைவியை அடுத்த தெருவுக்கு அனுப்பிவிட்டு
பற்றவைத்தார்.

பம்ப் ஏழு பவுண்டு தள்ளும்.
கார்புரேட்டருக்கு மூன்றரை.
மேலே போனால் ஊசி வால்வு தோற்று, வழிந்து
சூடான மேனிஃபோல்டில் சொட்டும்.
நடுவில் ரெகுலேட்டர்.
அதை நான்தான் திருகினேன்.
முள் மூன்றரையில் நிற்கும்வரை
கட்டைவிரல் தானாய் மெல்ல நகர்ந்தது,
வார்டில் சொட்டுச் சக்கரத்தை உருட்டுகிற மாதிரி.

சேலம் போய்த் திரும்பினோம்.
அல்லாபகஷ் மடியில் மானி.
ஓமலூர், மூன்றரை.
தீவட்டிப்பட்டி, மூன்றரை.
ஏற்றத்தில் மூன்று என்றார். இரண்டேகால் என்றார்.
அதற்குப்பிறகு எதுவும் சொல்லவில்லை.
அதே வளைவு.
புதுப் பம்ப் மட்டும் கடகடவென்று
வெறும் தொண்டையை விழுங்கிக்கொண்டிருந்தது.

பின்னால் போய் டேங்க் மூடியைத் திருகினேன்.
உஸ்ஸ்ஸ்.
வெளியே வந்த காற்று இல்லை,
உள்ளே போன காற்று.

பன்னிரண்டு வருடம் பாட்டில் மாட்டியவள்.
ட்ரிப் நின்றால் நரம்பைப் பார்ப்பேன்,
குழாய் மடிந்திருக்கிறதா பார்ப்பேன்,
பிறகு பாட்டிலில் ஒரு வெறும் ஊசி குத்துவேன்.
சொட்டும்.
"அண்ணா, இது மூச்சு விடல."

டேங்கின் மூச்சுக் குழாயில் குளவி வீடு கட்டியிருந்தது.
ஏலக் கிடங்கில் கிடந்த காலத்து மண்.
சமதளத்தில் மூடி இடுக்கில் கசிகிற காற்று போதும்,
ஏற்றத்தில்தான் பத்தாது.
டேங்கை இறக்கினோம், துளைத்தோம், பற்றவைத்தோம்,
எல்லோர் கண்ணும் பெட்ரோல் போகிற வழியிலேயே.
என் கொண்டை ஊசியால் அவரே குத்தி எடுத்தார்.
செம்மண், அதற்குள் சருகாய் ஒரு புழு.

"அப்ப புதுப் பம்ப் வேண்டாமா இருந்துச்சா?"
நெடுநேரம் கை துடைத்தார்.
"அதுவும் வேணும் சிஸ்டர்.
அதுவும்தான் வேணும்."
பில்லில் இருநூறு ரூபாய் குறைத்தார்.

அந்த ஏற்றத்தில் முள் அசையவில்லை.
ஒரு கிரானைட் லாரியைத் தாண்டும்போது
எனக்குத்தான் மூச்சு முட்டியது.

அன்றிரவு ஏழாம் படுக்கையில் ஒரு டிரைவர்,
இடுப்பு எலும்பு முறிவு.
மூக்கைச் சுளித்தார்.
"சிஸ்டர், எங்கேயோ லைன் லீக்."
முதலில் அவர் கையைத்தான் பார்த்தேன்.