காம்பில் எழுதிய எண்

காலை ஆறேகாலுக்கு
என் விரல்கள் என்னுடையவை அல்ல.
பத்து இஞ்சிக் கிழங்குகள்.
பல்துலக்கியை முனகிக்கொண்டு ஏற்கும்,
பேனாவை ஏற்காது.
எட்டு மணிக்குள் திரும்பிவிடும், தெரியும்.
அதற்குள் லாபிஸ் எடைமேடையில்
நாலு லோரி வரிசைக்கு வந்துவிடும்.

சிகாமட் மருத்துவமனையில் டாக்டர் ஹீ
மறுதேதி அட்டையின் பின்பக்கம் வரைந்தார்:
ஒரு வட்டம், உள்ளே இன்னொரு வட்டம்,
இடையில் கட்டிப் பிடித்தபடி இரண்டு புள்ளி.
மலாயில் சொன்னார்:
இவன் கத்துகிறவன்,
இவன் அவன் வாயைப் பொத்தியிருப்பவன்.
வெளியிலிருந்து செய்தி வந்ததும்
பொத்தியவன்மேல் அடையாளம் விழும்.
அப்புறம் அவனை அரைத்துவிடுவார்கள்.

அரைப்பதை எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.
வெட்டியவன் எண்ணைக் குலையின் காம்பில்
எழுதி அனுப்புவதைப் பார்த்தே
பத்தொன்பது வருடம்.
எண் விழுந்த குலை மரத்துக்குத் திரும்பியதில்லை.

அப்படியானால் ஆலையை நிறுத்திவிடலாமே என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
நிறுத்துகிற மருந்து இருக்கிறதாம்,
புற்றுநோய்க்கு. உங்கள் விரலுக்கு அது அதிகம் என்றார்.
புரிந்தது.
போன தீபாவளிக்கு முன் பாய்லர் பழுதாகி
மூன்று நாள் ஆலை நின்றது.
செம்பனைக் குலைகள் மலையாகி, புளித்து,
நாற்றம் ரயில் நிலையம்வரை நடந்து போனது.
ஹலிம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.
அரைக்காத ஆலையும் ஒரு நோய்தான்.

எண் எழுதும் கைகள்
உடலுக்குள் நூற்றுக்கணக்கில் உண்டாம்.
அதில் ஒரே ஒரு கை
ஒரே ஒரு காம்பை நெருங்கும்போது
மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும்.
தேடுகிறார்கள், என்றார்.
அதுவரை வாரம் ஒரு நாள் மஞ்சள் மாத்திரை.

பேருந்தில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ஓரத்தில் ஒரு அம்புக்குறி, வளைந்து வெளியே வருவது.
விடுபட்டவன் உள்வட்டத்துக்குள் ஓடி
தீ, தீ என்று கத்துகிறான் அல்லவா,
அந்தக் கத்தலிலேயே
தன் வாயைப் பொத்த இன்னொருவனைச் செய்யச் சொல்லியும்
உத்தரவு போட்டுவிடுகிறானாம்.

எனக்கு மட்டும் ஏன்
அவன் வந்து சேர்வதற்குள்
அடுத்த எண் விழுகிறது?
கேட்க நினைத்தபோது பேருந்து சாஆ தாண்டியிருந்தது,
அல்லது தாண்டவில்லை, தூங்கிப் போனேன்.

ஏழே முக்கால். சுண்டுவிரல் மடங்குகிறது.
குமரகுரு ஹாரன் அடிக்கிறார், இரண்டாம் முறை.
பன்னிரண்டு டன் எழுநூற்று இருபது.
எழுதுகிறேன்.
ஏழு மட்டும் கோணல்.