வியாழன், காலை ஆறு மணி

நாரின் நகரில் மின்சாரம் போனபோது
பெர்மெட்டின் உதட்டிடையில் ஒரு திருகாணி இருந்தது.
அதைத் துப்பாமல் அப்படியே நின்றாள்.
மேசைமேல் வயிறு திறந்து கிடந்தது
நகராட்சி அலுவலகத்து ரவுட்டர்.

பிப்ரவரி. மைனஸ் இருபத்தாறு.
இருட்டு இங்கே எல்லோருக்கும் பழக்கம்.
அவள் காத்திருப்பது இருட்டுக்குப் பின் வருவதற்கு.

நாற்பது நிமிடம் கழித்து விளக்கு வந்தது.
ஊர் முழுக்கக் கறுப்புத் திரைகளில்
வெள்ளை எழுத்து வரிவரியாய் ஏறியது,
சரக்கு இறங்கும்போது பட்டியல் வாசிக்கிற குரலில்:
வட்டு, இருக்கிறது.
நினைவகம், இருக்கிறது.
வலை, தேடுகிறேன்.

பேருந்து நிலையத்து டிக்கெட் இயந்திரம்.
தோல்குன்பெக்கின் ரொட்டிக் கடைத் தராசு.
பள்ளிக்கூடத்தில் ஜெர்மனி கழித்துக்கட்டிய
பதினெட்டுக் கணினிகள்;
இசட் இருக்குமிடத்தில் ஒய் இருக்கும்,
பிள்ளைகள் விரலுக்கு அது வழக்கமாகிவிட்டது.
ஐந்தாம் மாடியில் யாருடைய சீரியலோ பாதியில் நின்ற டிவி.
தொலோன் கணவாயில் கழுத்துவரை பனியில் புதைந்து
காற்றை அளக்கும் தகரப் பெட்டி.
பெர்மெட்டின் பைக்குள், உறங்கவே செய்யாத கைப்பேசி.

சட்டைகள் வேறு. உள்ளே ஒரே கரு.
விலை இல்லை, பூட்டு இல்லை.
பிடிக்காவிட்டால் திறந்து திருத்திக்கொள் என்று
திறந்தே கிடக்கிற கரு.

ஆனால் கடிகார பாட்டரி செத்த பெட்டிகளுக்கு
வலை வந்து காதில் சொல்லும்வரை
தெரிந்தது ஒரே ஒரு நாள்:
1970, ஜனவரி ஒன்று.
நாரினில் அது வியாழன், காலை ஆறு மணி.

பனிவாரி ஓட்டும் மெதெர் கணவாயிலிருந்து கூப்பிட்டான்.
"புயல் ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே
அடித்து ஓய்ந்துவிட்டது என்கிறது உன் பெட்டி.
மேலே ஏறட்டுமா?"
"காற்று எவ்வளவு காட்டுகிறது?"
"முப்பத்தொன்று."
"காற்றை நம்பு. தேதியை விடு. இறங்கு."

அன்றிரவு அவள் கருவைத் திறந்தாள்.
நேரத்தைக் கையாளும் கோப்பில், வரிகளுக்கு நடுவே,
யாரோ என்றோ எழுதிவைத்த குறிப்பு:
இது அசிங்கம்தான், ஆனால் ஓடுகிறது, மன்னிக்கவும்.
பெர்மெட் சிரித்தாள்.
தேநீர் ஆறி, மேலே ஆடை கட்டியது.

மூன்று வரி.
விளக்கு அணையும் முன் கடைசியாய் எழுதிவைத்த நேரத்தை
விழித்ததும் எடுத்துக்கொள்;
பிறந்த நாளுக்கு ஓடாதே.

அனுப்பினாள்.
பதினொரு நாள் பதிலில்லை.
பிறகு ரெய்க்யாவிக்கிலிருந்து ஒரே வாக்கியம்:
இரண்டாம் வரியின் கடைசியில்
ஓர் இடைவெளி கூடுதலாக இருக்கிறது.
எடுத்தாள். ஏற்றுக்கொண்டார்கள்.
நாரினில் யாருக்கும் தெரியாது.
ரொட்டி அதே விலைதான்.

மார்ச்சில் மறுபடி இருட்டு, மறுபடி விளக்கு.
கணவாய்ப் பெட்டி விழித்தது
நாற்பது நிமிடம் மட்டும் பிந்தி.
மெதெர் கூப்பிடவில்லை.
அவன் கூப்பிடாத அந்த அரைமணி நேரம்
அவள் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

சுவரில், திருகாணி டப்பாவுக்கு மேலே,
முன்பு இயந்திரம் தவறாய் அடித்த டிக்கெட்:
நாரின் – கொச்கோர், முந்நூறு சோம்,
1970, ஜனவரி ஒன்று.
அன்றைய கூலியில் அது சில மாதச் சம்பளம்.
நடத்துநர் தேதியைப் பார்க்காமலே
ஓரத்தைக் கிழித்திருக்கிறார்.