அடைமொழி இல்லாமல்

ரக்பி கிளப்பின் மாடி அறை.
இருபது டாலர், சூப் உட்பட.
'எழுத விரும்புவோருக்கு ஒரு நாள்' என்று
மீன்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள்,
நண்டு விலைக்குக் கீழே.

ஒன்பது பேர் வந்தோம்.
ப்ளஃப் ஊரில் ஒன்பது பேர் ஓர் அறையில் இருந்தால்
அந்நியர் என்று யாரும் இல்லை.
சிப்பி உடைக்கும் மெரெஹானா,
அவளோடு பேச்சுவார்த்தை இல்லாத மைத்துனன் காரிக்,
சவ வண்டி ஓட்டும் இவோன்.
நான் ஓட்டுவது பள்ளிப் பேருந்து.
ஏழு வருடமாக ஒரு நாவல்,
அதில் நான்கு வருடம்
நாற்பதாம் பக்கத்தில் நியூட்ரலில் நிற்கிறது.
கதவோரம் டெஸ்மண்ட்.
அலுமினிய ஆலையில் இரவு ஷிப்ட்.
பப்பில்கூட விரலை உயர்த்தித்தான் பியர் கேட்பான்.

டனீடினிலிருந்து வந்திருந்த இஷ்பெல்
ஜன்னலைச் சாத்தச் சொன்னாள்.
சாத்தித்தான் இருக்கிறது என்றோம்.
தெற்குக் காற்றுக்கு அதெல்லாம் தெரியாது.

'பத்து நிமிடம்.
நீங்கள் மறைத்த ஒன்று.
அடைமொழி கூடாது. ஒன்றுகூட.'

காரிக் வாசித்தது பொய். நல்ல பொய்.
மெரெஹானா பாதியில் நிறுத்திக்கொண்டாள்.
பிறகு டெஸ்மண்ட்
யாரும் கேட்காமலே எழுந்து நின்றான்:

'மனிதன் ஒருவன் வண்டியைப் பின்னால் எடுத்தான்.
நாய் ஒன்று இருந்தது.
பிறகு இல்லை.
சாக்கில் போட்டான். கல்லும் போட்டான்.
படகை எடுத்தான்.
வீட்டுக்கு வந்து கை கழுவினான்.
வேலிகளில் காகிதம் ஒட்டியிருந்தார்கள்.
அவன் படித்தான்.
மறுநாள் தெருவை மாற்றிக்கொண்டான்.'

'ஒரு வாக்கியம்கூட நடுங்கவில்லை' என்றாள் இஷ்பெல்.
அவள் வெளியூர்க்காரி.
மற்ற ஏழு பேரும்
ஒரே நேரத்தில் என்னைப் பார்க்காமல் இருந்தார்கள்.
அவ்வளவு சத்தத்தை அந்த அறையில்
கோப்பை ஜெயித்த இரவிலும் கேட்டதில்லை.

காகிதங்களை ஒட்டியது நான்.
ஜூலை மாதம், மழையில் பசை பிடிக்கவில்லை,
ஆணி அடித்தேன்.
ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளைகள் ஏறும்போதே கேட்பார்கள்,
ஸ்குவா வந்துவிட்டதா என்று.
நாவலில் வரவைத்தேன்.
நாற்பதாம் பக்கம், வாசலில், சொட்டச் சொட்ட.
வந்த நாயை அதற்கப்புறம் என்ன செய்வதென்று
எனக்குத் தெரியவில்லை.

'யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?'

என் கை உயர்ந்திருந்தது.
'நாய் என்ன நிறம்?'

காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்:
'அடைமொழி கூடாது என்றார்களே.'

இவோன் சிரித்துவிட்டாள்.
அவள் தொழில் அப்படி,
சிரிப்பு எப்போதும் தப்பான இடத்தில்தான் வரும்.

பூசணிக்காய் சூப்.
அவன் மேசையின் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி.
ரொட்டித் தட்டு அவனிடம் தொடங்கி
கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது.
எடுத்துக்கொண்டேன்.
மன்னிப்பு என்று யாரும் எழுதிவிட வேண்டாம்,
எனக்குப் பசி.

மதியம் உரையாடல் எழுதுவது எப்படி என்று சொன்னாள்.
பதிப்பாளருக்குக் கடிதம் எழுதுவது பற்றியும்.
என் குறிப்பேட்டில் அந்தப் பக்கம் முழுக்க
கோடுகள்தான் இருக்கின்றன.

நாற்காலிகளை அடுக்கும்போது
என் பைமேல் மடித்த காகிதம்.
அதே வாக்கியங்கள், அதே மை.
அடியில் மட்டும் பென்சிலில்:
'கறுப்பு. ஒரு காது வெள்ளை.'

அவன் கார் மலைச் சரிவில் இறங்குவது தெரிந்தது.
ஷிப்டுக்கு நேரமாகியிருக்கும்.

எந்தக் காது என்று எழுதவில்லை.
காரில் உட்கார்ந்து உள்விளக்கைப் போட்டு
பேனா தேடி, கிடைக்காமல்,
பிள்ளைகள் யாரோ விட்டுப்போன
பச்சைக் கிரேயானால்
'இடது' என்று சேர்த்தேன்.