எடுக்காதே

ஒரு தரம் அடித்து நின்றால்
கரண்ட் வந்துவிட்டது.
இரண்டு தரம் என்றால்
ஏரிக்கரைப் பக்கம் யானை.
மூன்றுக்கு நாங்கள் அர்த்தம் வைக்கவில்லை.

எடுக்கக் கூடாது, அதுதான் பேச்சு.
நிமிஷத்துக்குக் காசு பிடித்த காலத்தில் போட்ட சட்டம்.
இப்போது எவ்வளவு பேசினாலும் ஒரே காசுதான்,
ஆனாலும் யாரும் மாற்றவில்லை.

குப்பத்துக்கு இந்தாண்டை எங்கள் கொல்லி.
ஏரி தாண்டினால் தமிழ்நாடு,
அங்கே கரண்டுக்கு வேறு நேரம்.
எங்களுக்கு ராத்திரி ஒன்றரை, சில நாள் இரண்டே கால்,
ஆபீஸில் எவனோ வைத்ததுதான்.
வீட்டு ஆண்கள் விடியுமுன் ரயிலேறிப் போய்
பெங்களூரில் லிஃப்டுக்குப் பக்கத்தில்
ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் போனில் இவர்களுக்குப் பெயர் கிடையாது.
மேட்டு மோட்டார்.
கொய்யாத்தோப்பு.
பட்டுப்புழு ஷெட்.
அவர்கள் போனில் நான் என்னவோ,
கேட்டதில்லை.

முறை வைத்து விழிக்கிறோம். செவ்வாய் என்னுடையது.
மோட்டார் ரூம் சுவரில் வரிசையாய் மூன்று பல்பு:
இரண்டு எரிந்தால் பொறு,
மூன்றும் எரிந்தால்
மூன்று பேருக்கும் மணி.
அடித்து நிறுத்திய கொஞ்ச நேரத்தில்
இருட்டில் அங்கொன்று இங்கொன்றாய்
டார்ச் நடக்க ஆரம்பிக்கும்.
நைட்டிமேல் புருஷன் சட்டை,
தலையில் துண்டு.
முகம் தெரியாது. நடையை வைத்துச் சொல்வேன்
இது யார் என்று.

மாசியில், தக்காளி பூவிட்ட நேரம்,
டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
ஆம்பளைங்க யாருமில்லையா என்று
தெலுங்கில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம் கேட்டான் லைன்மேன்.
இரண்டுக்கும் நாங்கள் வாய் திறக்கவில்லை.
ஆளுக்கு அறுநூறு போட்டு டிராக்டர் பிடித்து
அந்தக் கருகின இரும்பைச் சுற்றி
சாவு வண்டியில் போகிறமாதிரி
நாலு மூலைக்கு நாலு பேர் உட்கார்ந்தோம்.
பாதி வழியில் பட்டுப்புழு ஷெட் சிரித்துவிட்டாள்.
அப்புறம் டவுன் வரைக்கும் நிற்கவில்லை.

கனெக்ஷன் யார் பேரில் என்றார்கள்,
நாலு புருஷன் பேரும் சொன்னோம்.
கொண்டுவந்தது யார் என்றார்கள்,
அப்போதுதான் தெரிந்தது
கொய்யாத்தோப்பு ஹம்சவேணி,
பட்டுப்புழு ஷெட் ஷம்ஷாத்.
மேட்டு மோட்டாருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.
கட்டைவிரலில் மை இருக்க
எங்கோ வைத்துவிட்டதைத் தேடுகிறமாதிரி நின்று
சாக்கம்மா என்றாள்.

போனில் நான் எதையும் மாற்றவில்லை.

போன தையில் ஒரு வெள்ளிக்கிழமை,
முறை சாக்கம்மாவுடையது.
போன் ஒரு தரம் அடித்தது. இரண்டு.
எழுந்து சூள்கட்டைக்குக் கைபோட்டேன்.
மூன்று. நாலு.
நிற்கவே இல்லை.

எடுத்தேன்.

பூச்சி சத்தம். இந்தக் காதில் கேட்ட அதே பூச்சி
போன் வழியாக அந்தக் காதிலும்.
யானையா என்றேன்.
இல்ல.
கரண்டா?
இல்ல, இன்னும் வரல.
அப்புறம் என்ன?
ஒண்ணுமில்ல. சும்மாத்தான்.

பூச்சி.

அவரு வந்துட்டுப் போனாரு, என்றாள்.
மேட்டுக்கு வெலை பேசிட்டாராம்.
ரோட்டுப்பக்கம் மட்டுந்தான்னு சொல்றாரு.
மோட்டார் ரோட்டுப்பக்கம்தானே இருக்கு.

என்ன சொல்வது? வாசலில் குந்தினேன்.
நாளைக்கு நாலு பேரும் போய்க் கேட்கலாம் என்று
சொல்ல நினைத்துச் சொல்லவில்லை.
காது சுடுகிற வரை இருவரும்
ஒன்றும் பேசாமல் பேசிக்கொண்டிருந்தோம்.

மேட்டில் ஒரு புள்ளி. இரண்டு.
மூன்றாவதும் சிவந்தது.

வையி, மணி குடுக்கணும் என்றாள்.
வைத்தேன்.

தோப்புப் பக்கம் டார்ச் அசைந்தது,
பிறகு ஷெட் பக்கம்.
நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.
இப்போதுதான் பேசி வைத்தவள்
எனக்கும் ஒரு தரம்
அடித்து நிறுத்தினாள்.