அதே விதை

வியாழக்கிழமை பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.
விசிறியில் உப்பு படிந்திருந்தது, அவ்வளவுதான் குற்றம்.
டோர்ஷாவ்ன் துறைமுகம் பார்த்த மூன்றாம் மாடி.
நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.
புதியதில் ஆர் நாலு புள்ளி மூன்று.
யாக்குப் எழுதிவைத்துப் போன நிரலோ
மூன்று புள்ளி ஐந்துக்கு மேல் எதையும் அறியாது.

ரன்வாவுக்குத் திங்கள் காலை கெடு:
காட் மீன் எத்தனை டன் பிடிக்கலாம்,
அமைச்சகத்துக்கு ஒற்றை எண்.
அதற்கு முன் போன வருட எண்
ஒருமுறை அப்படியே திரும்பி வர வேண்டும்.
வராமல் புதியதை நம்பக்கூடாது.
அவளே போட்ட விதி, வேறு யாரையும் திட்ட வழியில்லை.

நிறுவு என்றாள்.
இந்தப் பதிப்புக்கு இந்தப் பொதி கிடையாது என்றது.
கிடையாது என்றால் இல்லை என்றல்ல;
உலகத்தில் உண்டு, உனக்குத்தான் இல்லை.
காப்பகத்தில் துழாவி எடுத்தாள்,
2017 மார்ச், சுருக்கிக் கட்டிய மூட்டை.
அவிழ்த்தால் அதற்கு இன்னொன்று வேண்டும்,
இன்னொன்றுக்கு ஒன்று புள்ளி இரண்டாவது வேண்டும்,
கையில் இருப்பது ஒன்று புள்ளி ஒன்று.
சரி, ஏற்று என்று ஏற்றினால்
அதுவரை ஒழுங்காயிருந்த வரைபடப் பொதி
முகத்தைத் திருப்பிக்கொண்டது.
கல்யாண வீட்டில் ஒரு சித்தப்பாவைச் சமாதானம் செய்து உட்காரவைத்தால்
இன்னொருவர் எழுந்து செருப்பைத் தேடுவாரே, அந்தக் கதை.

வெள்ளி இரவு ஒரு பூட்டு.
பாதியில் செத்த நிறுவல்
இரண்டு சுழியம் முன்னொட்டிப் பூட்டு என்று பெயரிட்ட கோப்புறையை
நூலகத்துக்குள் விட்டுப் போயிருந்தது,
உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு செத்தவனின் அறைபோல.
அனுமதியை, பாதையை, வைரஸ் தடுப்பானை,
தன் தட்டச்சை
எல்லாவற்றையும் சந்தேகித்து ஓய்ந்தபின்
அந்தக் கோப்புறையை அழித்தாள். ஓடியது.
பக்கத்து அறை ஹனுஸ் எட்டிப்பார்த்தான்:
"அழுகிறாயா?"
"தொகுக்கிறேன்."

சனிக்கிழமை எண் வந்தது:
பதினான்காயிரத்து நூற்று எண்பது.
போன வருட அறிக்கையில்
பதினான்காயிரத்து முந்நூற்று இருபது.
அதே தரவு. அதே வரிகள்.
குலுக்கலுக்கு அதே விதை, 1911.
பிழைச்செய்தி ஒன்றும் இல்லை.
சிவப்பில் திட்டிக்கொண்டிருந்தவரை ஒரு துணை இருந்தது.

யாக்குப்பைக் கூப்பிட்டாள்.
இப்போது சால்மன் பண்ணையில், ஒன்றரை மடங்கு சம்பளம்.
தீவன எந்திரத்துக்கு மேலாகக் கத்தினான்:
"1911 எங்கள் பழைய படகு எண், வேறு அர்த்தம் தேடாதே!"
பிறகு, எந்திரம் நின்றதும், தணிந்து,
"இடையில் குலுக்கும் முறையை மாற்றினார்கள்.
பழையதில் சின்னச் சாய்வு இருந்ததாம். நான் கவனிக்கவில்லை."

விதை அதே விதை. மண்ணை மாற்றியிருக்கிறார்கள்.

ஞாயிறு முழுக்கச் செலவழித்து
மூன்று புள்ளி ஐந்தையும் பக்கத்திலேயே குடிவைத்தாள்,
ஒன்றின் பொதியை மற்றது தொடாதபடி
தனித்தனி அலமாரி, தனித்தனிச் சாவி.
முந்நூற்று இருபது திரும்பி வந்தது.
ஆனால் இப்போது இரண்டு ஆர்.
ஆர் சொல்வதைக் கேட்பது?

நூற்று நாற்பது டன்.
பிழைவரம்பு அதைவிடப் பெரிது,
இரண்டும் ஒன்றேதான் என்று எந்தப் பாடநூலும் சொல்லும்.
சன்னலுக்குக் கீழே தூண்டில் படகில்
மஞ்சள் மேலங்கி போட்ட ஒருத்தி
மழையில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.
அவளிடம் போய் ஒன்றேதான் என்று சொல்லிப் பார்க்கலாம்.

இந்த வருட எண்ணைப் புதிய ஆரிலேயே போட்டாள்.
கீழே அடிக்குறிப்பு:
எந்தப் பதிப்பு, எந்தெந்தப் பொதி, புள்ளிக்குப் பின் எத்தனை,
பழையதில் ஓட்டினால் எவ்வளவு, ஏன்.
அமைச்சகத்துத் துரிதா ஒன்பது மணிக்கே கேட்டாள்,
"ஒரு எண்ணுக்கு அரைப்பக்கமா?"
"எண் ஒரு வரிதான். அது வந்த வழிதான் அரைப்பக்கம்."

கணினியின் நெற்றியில் மஞ்சள் தாள் ஒட்டினாள்:
புதுப்பிக்காதே. ரன்வாவைக் கேள்.
மதியம் திரும்பி வந்தபோது
கீழே ஹனுஸின் கோணல் கையெழுத்து:
எத்தனையாம் பதிப்பு ரன்வாவை?