மூன்றாம் சிலிண்டர்

திருக்கடலூர்ப் பெடியள் நாலுபேர்
வலை காயப்போடும் தடியில் தொங்கவிட்டு
எஞ்சினைத் தூக்கிவந்து குசினியில் இறக்கினார்கள்.
கூலி வேண்டாமென்றார்கள்.
"இந்தப் பாரத்தில ஒரு சுறா பட்டால்
நான் ஏன் எஞ்சின் தூக்கிறன்" என்றான் ஒருவன்.

கிண்ணியாவில் வாங்கியது. மொறிஸ் மைனர்.
பின்சீற்றில் இரண்டு வருசம் கோழி அடைகிடந்திருக்கிறது.
விற்ற நஜிமுதீன் முட்டையொன்றும் சேர்த்துத் தந்தார்.

வித்தியாலயம் ஒழுங்கையில் காற்றே உப்பு.
இரவு துடைக்காமல் விட்ட இரும்பு
விடியப் பார்த்தால் மஞ்சள் பூசிக் குளித்திருக்கும்.
அதனால் ஒவ்வொரு நாளும்
தபால் கந்தோர் விட்டு வந்து, செருப்பைக் கழற்றி,
முதலில் சிலிண்டர்களுக்கு எண்ணெய் வைப்பேன்.
பிறகுதான் என் தலைக்கு.

என் சாவிகளெல்லாம் மில்லிமீற்றர்;
அது அங்குலத்தில் பிறந்தது.
ஒவ்வொரு நட்டோடும் ஒரு வழக்கு.
முட்டைத் தட்டில் எட்டு வால்வு.
தேத்தண்ணி போட வந்த தேவசகாயம்
வால்வு தேய்க்கிற பசையை மணந்து பார்த்துவிட்டு
சீனிப்போத்தலை வேறு தட்டுக்கு மாற்றினார்.

சம்பைக் கழற்றிய இரவு கரண்ட் இல்லை.
டோர்ச்சை அவர் பிடித்தார்.
ஒன்று: பெயரிங் தேய்ந்து செம்பு தெரிந்தது.
இரண்டும் அப்படி.
நாலும் அப்படி.
மூன்றில்
பெயரிங்கே இல்லை.
அதன் இடத்தில், வளைத்து, அளவாய் வெட்டி,
ஒரு துண்டுத் தோல்.

கழுவினேன். இடுப்பு வார்.
ஊசி போகும் ஓட்டையொன்று இழுபட்டு நீண்டிருந்தது.
அந்த ஓட்டையில்தான் பல வருசம்
அவர் தன் வயிற்றைக் கட்டியிருக்கவேண்டும்.

ஹெட்டின் கரியில் மண்ணெண்ணெய் மணம்.
அப்போ எந்த வருசம் என்று
நாங்கள் இரண்டுபேரும் கேட்டுக்கொள்ளவில்லை.
எந்த றோட்டில் தட்டத் தொடங்கியது,
பின்சீற்றில் யார், லைற் போட முடிந்ததா,
ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்தபடி
இருட்டில் காருக்குக் கீழே படுத்தவர்
போய்ச்சேர்ந்தாரா.

தேவசகாயம் மட்டும் சொன்னார்:
"மெலிஞ்ச ஆள்."

கிராங்கை திலகசிறியின் லேத்துக்குக் கொண்டுபோனோம்.
மைக்ரோமீற்றரை மூக்குக்கு நேரே பிடித்து
மூன்று தரம் அளந்தார்.
மற்றதெல்லாம் வரிவரியாய் உழுதிருக்க
தோல் உரசிய இடம் மட்டும் கண்ணாடி.
"எந்த பாஸ் செய்த வேலை?"
எனக்கும் அதுதான் தெரியவேணும்.

கொன்றொட் நாலையும்
கந்தோர் பூட்டியபிறகு பொதித் தராசில் நிறுத்தேன்.
"அனுப்புநர் ஆரக்கா?" என்று பகிடிவிட்டாள் றொஷினா.
வாரையும் வைத்துப் பார்த்தேன்.
பதினொரு கிராம்.
சாதாரணத் தபாலிலேயே போகும்.

பிஸ்கட் பெட்டி அட்டையில் வெட்டிய கஸ்கட்டை
மதிலில் வைத்துவிட்டுத் திரும்ப
மானொன்று தின்றுகொண்டிருந்தது.
மான்மீது முறைப்பாடு எடுக்கும் கந்தோர்
இந்த ஊரில் இல்லை.
இன்னொன்று வெட்டினேன்.
சுபைதா விளக்குமாறோடு காவல் நின்றா.

அதே நாலுபேர் வந்து எஞ்சினைக் காருக்குள் இறக்கினார்கள்.
இந்தமுறை கூலி வாங்கினார்கள்.

ஞாயிறு. கைபிடி போட்டுச் சுழற்றினேன்.
ஏழாம் தரம் தும்மியது.
எட்டில் என் மணிக்கட்டை உதைத்தது.
பதினொன்றில்
ஒன்று மூன்று நாலு இரண்டு
ஒன்று மூன்று நாலு இரண்டு
எண்ணத் தெரியாத பிள்ளை
தன் கணக்கில் பிழைவிடாமல் எண்ணுவதுபோல.
மான்கள் தலைதூக்கின.
பக்கத்து வீட்டுக் குழந்தை எழும்பி அழுதது.
பின்பக்கம் எண்ணெய் ஒழுகுகிறது,
பால்மாப் பேணியொன்று வைத்திருக்கிறேன்.

மூன்றில் இப்போது புதுப் பெயரிங்.
கொழும்பிலிருந்து பதிவுத் தபாலில் வந்தது,
நானே முத்திரை குத்தி நானே கையெழுத்திட்டு எடுத்தேன்.

வாரை எறியவில்லை.
சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவும் இல்லை.
டாஷ்போட்டுக்குள் கிடக்கிறது,
பழைய பிளக் இரண்டோடும் ஒரு சுருள் கம்பியோடும்.
நிலாவெளி தாண்டிக் குச்சவெளிப் பக்கம் போகையில்
தேவைப்படும்.